தொட்டிக்குப் பின்னால் ஒரு குற்றாலம்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதனால இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியலை. போன வாரம் சுரண்டைக்குப் போயிருந்தேன். (தென்காசி மாவட்டம்ங்க. 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்.) ஊருக்குப் போனா மீன் தொட்டி கழுவுற வேலை எப்பவும் என் தலையிலதான் விழும். இந்தத் தடவை தண்ணியை எல்லாம் எடுத்துட்டு, தொட்டியோட பின்பக்கம் நானும் தாத்தாவும் செஞ்சு ஒட்டின பாறையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். தெர்மாகோல்ல செஞ்ச பாறைதான். ஆனா அதைச் செய்யப் போய் நான் தெரிஞ்சுக்கிட்ட வரலாறு கொஞ்சம் பெருசு. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: பதிவு நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கொசுவத்தியை 2020-க்குச் சுத்துவோம். பொட்டி தட்டுற வேலையில சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கொரோனா வந்து எல்லாரையும் ஊருக்குத் துரத்திடுச்சு. வீட்டுல உக்காந்து வேலை. போரடிக்குதேன்னு 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கூடவே பின்னாடி ஒட்டுறதுக்கு ஒரு போஸ்டர். உங்களுக்கே தெரியும், நீலக்கடல், செக்கச்செவேல்னு பவளப்பாறை, நட்சத்திர மீன். தண்ணி ஊத்தி, அஞ்சு கோல்டு ஃபிஷ் விட்டு, பெருமையா தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தாத்தா நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். குனிஞ்சு பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏலே, குளத்து மீனுக்குப் பின்னாடி எதுக்குடே கடலு?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரியே போஸ்டரைக் கிழிச்சாச்சு. நமக்குத்தான் பக்கத்துலயே குற்றாலம் இருக்கே, ஐந்தருவிப் பாறை மாதிரி ஒண்ணை நாமளே செஞ்சுடுவோம்னு முடிவு பண்ணினேன். டிவி பேக்கிங்ல வந்த தெர்மாகோலை வெட்டி, கத்தியால செதுக்கி, மேல சிமெண்ட் பூசி, ரெண்டே நாள்ல காய வெச்சு, தொட்டிக்குள்ள ஒட்டிட்டேன். "சிமெண்ட்டுக் காரம் போக வேண்டாமாடே? கொஞ்ச நாள் தண்ணியில கிடக்கட்டும்"னு தாத்தா சொன்னார். நான் இஞ்சினியர் இல்லையா, கேக்கலை. இருந்த அஞ்சு கோல்டு ஃபிஷ்ஷோட புதுசா ஆறு டைகர் பார்பும் விட்டேன்.

மூணாவது நாள் காலையில பதினொண்ணும் மிதந்துச்சு.

ஏன் செத்துச்சுன்னு தேட ஆரம்பிச்சவன்தான், அப்படியே வரலாற்றுக்குள்ள விழுந்துட்டேன். சரி, மேட்டருக்கு வருவோம்.

மேல இருந்து பார்த்த காலம்

மீன் வளர்த்து ரசிக்கிறது ரொம்பப் பழைய விஷயம். ஆனா மீனுக்குப் 'பின்னணி'ங்கிறது புதுசு. ஏன்னா அதுக்கு முன்னாடி எல்லாரும் மீனை மேல இருந்துதான் பார்த்தாங்க. பாபநாசம் கோயில் படித்துறையில பொரி வாங்கிப் போட்டிருக்கீங்களா? கறுப்புக் கறுப்பா முதுகு மட்டும்தான் தெரியும். நம்ம வீட்டுக் கிணத்துல விட்ட கெண்டையையும் அப்படித்தான் எட்டிப் பார்ப்போம்.

சீனாவுல சோங் வம்ச காலத்துல (960–1279) தங்கமீன் வளர்க்கிறது பணக்காரங்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. முதல்ல குளத்துல, பின்னால பீங்கான் தொட்டியில. ரெண்டுமே மேல இருந்து பார்க்கிற சமாசாரம். அதனாலதான் பழைய தங்கமீன் வகைகள்ல விரிஞ்ச ரெட்டை வால், அகலமான முதுகுன்னு மேல இருந்து பார்த்தா அழகா இருக்கிற மாதிரியே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்காங்க. அந்த மீனுக்குப் பின்னணி, தொட்டியோட அடிப்பக்கம்தான்.

ஐரோப்பாவுல கண்ணாடிக் கிண்ணத்துல மீன் விட்டுப் பார்த்தது 1600-கள்லயே இருந்திருக்கு. லண்டன்ல சாமுவேல் பெப்பிஸ் அப்படி ஒண்ணைப் பார்த்த ஆச்சரியத்தை 1665-ல தன் டைரியில எழுதி வெச்சிருக்கார். ஆனா கிண்ணத்துல மீன் ரொம்ப நாள் தாங்காது. தண்ணியை மாத்திக்கிட்டே இருக்கணும்.

பக்கவாட்டுல பார்க்கிற கண்ணாடித் தொட்டியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினவங்கள்ல முக்கியமானவர் ழான் வில்லப்ரூ-பவர்ங்கிற பிரெஞ்சுப் பெண்மணி. சிசிலித் தீவுல இருந்த மெசினாவுல 1832-ல இவங்க கண்ணாடித் தொட்டி செஞ்சு, ஆர்கோனாட்ங்கிற கணவாய் வகை உயிரினத்தை அதுல வளர்த்தாங்க. அது தன் ஓட்டைத் தானே செய்யுதா, இல்லை வேற பிராணியோட ஓட்டைத் திருடிக்குதாங்கிறது அந்தக் காலத்துல பெரிய சண்டை. தானேதான் செய்யுதுன்னு இவங்க தொட்டியில வெச்சு நிரூபிச்சாங்க.

பக்கவாட்டுல பார்க்க ஆரம்பிச்ச உடனே ஒரு புதுக் கேள்வி வந்துடுச்சு. மீனுக்குப் பின்னாடி என்ன தெரியுது?

வாரிங்டனோட மூணு பக்கச் சுவர்

இந்தக் கேள்விக்கு முதல்ல ஒழுங்கா பதில் சொன்னவர் ஒரு வேதியியல்காரர். பேரு ராபர்ட் வாரிங்டன். லண்டன்ல அபோதிகரீஸ் ஹால்ங்கிற மருந்து தயாரிக்கிற இடத்துல வேலை. 1850-ல இவர் வெளியிட்ட ஆய்வுதான் நம்ம வீட்டு மீன் தொட்டிக்கெல்லாம் தாத்தா. ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்கமீன், கூடவே வாலிஸ்னேரியா (குளத்துல நாடா மாதிரி நீளமா வளருமே, அந்தச் செடி). மீன் விடுற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கும், செடி விடுற பிராணவாயுவை மீன் எடுத்துக்கும். கணக்கு சரியாத்தான் இருந்தது. ஆனா அழுகின இலையால தண்ணி நாற ஆரம்பிச்சது. மனுஷன் குளத்து நத்தைகளைக் கொண்டாந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சது. மீன், செடி, நத்தை: மூணும் சேர்ந்தாத்தான் தொட்டி நிக்கும்னு காட்டினார்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்துல வர்ற மாதிரி இருக்கும். எனக்கு ஆச்சரியமா இருந்தது அடுத்த விஷயம். வாரிங்டன் அதோட நிக்கலை. நாலு பக்கமும் கண்ணாடின்னா எல்லாப் பக்கத்துல இருந்தும் வெளிச்சம் வருது. குளத்துலயோ ஓடையிலயோ அப்படி வராது, மேல இருந்து மட்டும்தான் வரும். பக்கவாட்டு வெளிச்சத்துல கண்ணாடி முழுக்கப் பாசி படியுது, மீனுக்கு ஒதுங்க இடமில்லை. அதனால அவர் வடிவமைச்ச தொட்டியில முன்பக்கம் மட்டும்தான் கண்ணாடி. அடியும் மத்த பக்கங்களும் சிலேட்டுக் கல். பின்பக்கச் சுவர் நேரா நிக்காம, அடியில இருந்து சாய்வா மேல ஏறும், ஆத்தங்கரை மாதிரி. அந்தச் சாய்வுல கல்லைப் பதிச்சு, இடுக்குல செடியும் வைக்கலாம்.

கவனிச்சீங்களா? மீன் தொட்டியோட முதல் 'பேக்கிரவுண்டு' நம்ம அழகுக்காக வரலை. மீனுக்காக வந்தது. நிழலுக்கும், ஒதுங்குறதுக்கும், தண்ணி கெடாம இருக்கிறதுக்கும்.

இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டுச்சு. சிமெண்ட் வெச்சுக் கல் பதிச்ச புதுத் தொட்டியில உடனே மீன் விடாதீங்க, தண்ணியை விட்டு விட்டு மாத்தி சுண்ணாம்பு போன பிறகுதான் விடணும்னு அந்தக் காலத்துத் தொட்டிப் புத்தகங்கள்லயே எச்சரிக்கை இருக்கு. நான் பதினொரு மீனைச் சாகடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை லண்டன்காரன் அப்பவே எழுதி வெச்சுட்டான். தாத்தா எந்தப் புத்தகமும் படிக்காமலே சொன்னார். புதுசா கட்டின தண்ணித் தொட்டி எந்த ஊர்ல இருந்தாலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கும் போல.

மீன்ல இருந்து மனுஷனுக்கு

லண்டன் மிருகக்காட்சி சாலையில மக்கள் பார்க்கிறதுக்குன்னு மீன் வீடு 1853-ல திறந்தாங்க. அடுத்த வருஷம் 1854-ல ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகம் 'அக்வேரியம்'ங்கிற வார்த்தையை ஊரெல்லாம் பரப்பிடுச்சு. அவ்வளவுதான், இங்கிலாந்துக்கே மீன் பைத்தியம் பிடிச்சது. வசதியான வீட்டு ஹால்ல எல்லாம் தொட்டி. ஹால் நடுவுல வெச்சு எல்லாப் பக்கமும் பார்க்கணும்னா சிலேட்டுச் சுவர் இடைஞ்சல். வீட்டு அலங்காரம் பத்தி ஷெர்லி ஹிபர்ட் 1856-ல எழுதின புத்தகத்துல பூந்தொட்டி, பறவைக்கூண்டு வரிசையில மீன் தொட்டியும் சேர்ந்துடுச்சு. ஆய்வுக்கூடத்துல பிறந்த பொருள் அலங்காரச் சாமான் ஆயிடுச்சு.

பொதுக் காட்சியகங்களோ இன்னொரு பக்கம் போச்சு. பெர்லின்ல ஆல்ஃபிரட் பிரேம் 1869-ல திறந்த காட்சியகத்துக்குள்ள போனா குகைக்குள்ள நடக்கிற மாதிரி செயற்கைப் பாறையிலயே கட்டியிருந்தாங்க. பாறை தொட்டிக்குள்ள மட்டும் இல்லை, பார்க்கிறவனைச் சுத்தியும். 1871-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் கட்டின காட்சியகத்துல கடல் தண்ணியை இருட்டான நிலத்தடித் தொட்டிகள்ல தேக்கி, சுத்தி சுத்திப் பயன்படுத்தினாங்க. வெளிச்சம் குறைஞ்சா தண்ணி தெளியும்ங்கிற வாரிங்டன் பாடம் அங்க மட்டும் உயிரோட இருந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் எங்க தெரியுமா? நம்ம மெரினா கடற்கரையில! 1909-ல திறந்தது. அதுக்கு முக்கியக் காரணம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பா இருந்த எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பத்தின ஏழு தொகுதிப் புத்தகத்தை ரங்காச்சாரியோட சேர்ந்து எழுதினாரே, அதே தர்ஸ்டன்தான். அந்தத் தொகுதிகள் வெளியானதும் அதே 1909-ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு பத்தி எல்லாம் ஆராய்ஞ்சவர் அவர். முதல்ல அருங்காட்சியகத்தோட பொறுப்புல இருந்த அந்தக் காட்சியகம் 1919-ல மீன்வளத் துறைக்குப் போச்சு. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல மூடிட்டாங்க. பம்பாய்ல தாராபோர்வாலா காட்சியகம் திறந்தது 1951-ல. அதுக்கு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே மெரினாவுல சனங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீந்துற மீனைப் பார்த்தாச்சு. ஆனா இன்னைக்கு மெரினாவுல சுண்டல் சாப்பிடுற எத்தனை பேருக்கு இது தெரியும்?

படுதா காலம்

வீட்டுத் தொட்டிக் கதை வேற. ரொம்ப காலத்துக்கு ஆங்கிள் இரும்புச் சட்டம் போட்டு, மக்கு வெச்சுக் கண்ணாடி பதிச்ச தொட்டிகள்தான். சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ஞ்சு ஒழுகும். 1960-கள்ல இருந்து சிலிக்கான் பசை வந்து, சட்டமே இல்லாம கண்ணாடியோட கண்ணாடியை ஒட்டுற வித்தை பரவினது. தொட்டி விலை குறைஞ்சது, நடுத்தர வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. நாலு பக்கமும் பளிங்கு மாதிரி கண்ணாடி. ஆனா பின்னாடி வீட்டுச் சுவரும், மோட்டார் வயரும், பிளக்கும் தெரியுதே, அதை மறைக்கணுமே? வந்தது போஸ்டர்.

நான் இப்ப இருக்கிறது சென்னையில. கொளத்தூர் பக்கம் போனா தெருத் தெருவா வண்ண மீன் கடைதான். அங்க இந்தப் போஸ்டர் ரோல் ரோலா நிக்கும், அடிக்கணக்குல வெட்டிக் கொடுப்பாங்க. ஒரு பக்கம் பவளப்பாறை, திருப்பினா செடி. எனக்கு அதைப் பார்த்தா பழைய போட்டோ ஸ்டூடியோ படுதாதான் ஞாபகம் வரும். எங்க வீட்டுலயும் தாத்தாவும் ஆச்சியும் தாஜ்மகால் படுதா முன்னாடி விறைப்பா நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் ஆக்ரா பக்கமே போனதில்லை. கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பின்னாடி பவளப்பாறையும் அதே கதைதான். நல்ல தண்ணி மீன் தன் ஆயுசுல பார்க்கவே பார்க்காத கடல் அது.

"இருந்துட்டுப் போகட்டுமே, மீனுக்கு என்ன தெரியப் போகுது?"ன்னு கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தெரியும்ங்க.

ஃபிரான்சிஸ் சம்னர்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர். இத்தாலியில நேப்பிள்ஸ் ஆய்வு நிலையத்துல தரையோட தரையா படுத்துக் கிடக்கிற தட்டை மீன்களை வெச்சுச் சோதனை செஞ்சு 1911-ல வெளியிட்டார். மீனுக்கு அடியில மணல், கூழாங்கல், சதுரங்கக் கட்டம்னு விதவிதமா வெச்சுப் பார்த்தார். மீன் தன் உடம்பு நிறத்தையும் புள்ளியையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டது. சதுரங்கக் கட்டத்தை அப்படியே காப்பி அடிக்கலை, ஆனா கட்டம் பெருசா சின்னதாங்கிறதுக்கு ஏத்த மாதிரி மாறிச்சு.

அதோட விடலை மனுஷன். 1934-ல கேம்பூசியா மீனை எடுத்துக்கிட்டார். நம்ம ஊர்ல கொசுவை ஒழிக்கக் கிணத்துல விடுவாங்களே, அதே குட்டி மீன். கொஞ்சத்தைக் கறுப்புத் தொட்டியிலயும், கொஞ்சத்தை வெளிர் தொட்டியிலயும் பல வாரம் வளர்த்து, நிறம் மாறினதுக்கு அப்புறம் ரெண்டையும் கலந்து விட்டார். அப்புறம் ஒரு பென்குவினை உள்ள இறக்கினார். பின்னணியோட ஒத்துப்போகாத மீன்தான் அதிகமா இரையாச்சு. மீனுக்குப் பின்னணிங்கிறது அலங்காரம் இல்லை, உயிர்.

நான் வாங்கின டைகர் பார்ப் ஆறும் வெட்டவெளிக் கண்ணாடியில ஏன் மூலையிலயே ஒடுங்கிக் கிடந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சது. நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா யாருக்குத்தான் பயமா இருக்காது? கண்ணாடிச் சுவர் வெச்ச ஆபீஸ்ல, முதுகுக்குப் பின்னாடி டேமேஜர் நடமாட வேலை பார்த்தவங்களுக்கு இந்த வலி தெரியும் :-)

தெர்மாகோல் புராணம்

இப்ப நம்ம பாறைக்கு வருவோம். தெர்மாகோல்ங்கிறது ஜெராக்ஸ் மாதிரி ஒரு வியாபாரப் பெயர். உண்மையான பேர் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன். ஜெர்மனியோட பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் 1950 வாக்குல கண்டுபிடிச்சது. அதுல பெரும்பகுதி காத்துதான், அதனால லேசு, செதுக்க சுலபம். பேக்கிங்ல இருந்து கல்யாண மேடை வரைக்கும் நம்ம ஊர்ல அது இல்லாத இடம் இல்லை.

அதே காத்துதான் பிரச்சினையும். 2017 ஏப்ரல்ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டதும், காத்தடிச்சு எல்லாம் கரை ஒதுங்கினதும் யாருக்கு மறக்கும்? நம்ம தொட்டியிலயும் அதே இயற்பியல்தான். 3 அடிக்கு ஒன்றரை அடி, 2 இன்ச் கனம்னா கிட்டத்தட்ட 21 லிட்டர் கன அளவு. முழுசா மூழ்கினா அதைத் தண்ணி 20 கிலோ வேகத்துல மேல தள்ளும். சும்மா சொருகி வெச்சா ராத்திரி பிடுங்கிக்கிட்டு வந்து மிதக்கும். அதனால காலித் தொட்டியிலயே பின் கண்ணாடியோட சிலிக்கான் வெச்சு ஒட்டி, புளிச்ச வாடை போற வரைக்கும் சில நாள் காய விடணும். பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம்.

என் மீன் சாகக் காரணம் சிலிக்கான் இல்லை, சிமெண்ட். புதுச் சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியில காரத்தன்மையை ஏத்தும். சொட்டு மருந்து வாங்கிச் சோதிச்சா பிஹெச் 9-க்கு மேல. அதுமட்டும் இல்லை, மீன் கழிவுல வர்ற அம்மோனியா இருக்கே, பிஹெச் 7-ல இருந்தா அதுல நூத்துல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் விஷ வடிவத்துல இருக்கும். 9-ல மூணுல ஒரு பங்குக்கு மேல விஷம். ரெட்டை அடி. தாத்தா 'காரம்'னு ஒத்தை வார்த்தையில சொன்னது இதைத்தான்.

மறுபடியும் செஞ்சோம். இந்தத் தடவை தாத்தாதான் மேஸ்திரி, நான் சித்தாள். ஒட்டின பாறையை பிளேடு போட்டு எடுத்து, நான் பூசினதை எல்லாம் சுரண்டித் தள்ளினார். "நீ பூசினது பாறையாடே? இட்லி மாதிரி இருக்கு"ன்னார். சிமெண்ட்டைப் பால் மாதிரி கரைச்சு பிரஷ்ல ஒரு பூச்சு, காயும் முன்னே கொஞ்சம் கெட்டியா இன்னொண்ணு, கடைசியா மணல் கலந்து கறுப்பும் செவப்பும் ஆக்ஸைடு தூவி மூணாவது. சிமெண்ட் தோலை அரிக்கும், கையுறை போடுங்கன்னேன். "நாப்பது வருஷம் போடாத உறையா"ன்னு சிரிச்சுட்டு, வெறும் விரலால பாறைக்கு வெடிப்பும் வரியும் இழுத்தார். ஐந்தருவிக்குச் சின்ன வயசுல இருந்து போயிட்டு வர்ற மனுஷன், படம் எதுவும் பார்க்கலை.

(நீங்க செஞ்சா கையுறை கண்டிப்பா போடுங்க. தெர்மாகோலை நெருப்புல உருக்கிச் செதுக்காதீங்க, புகை ரொம்பக் கெடுதல்.)

அப்புறம் நாலு வாரம் தொட்டியில வெறும் தண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்தணும். நான் மீட்டிங்ல 'கேன் யூ ஹியர் மீ'ன்னு கத்திக்கிட்டு இருக்கும்போது, தாத்தா வாளியில தண்ணியை முகந்து வெளியில கொண்டுபோய் கொட்டுவார். நடுவுல நான் ரெண்டு தடவை "இப்ப விடலாமா தாத்தா"ன்னு கேட்டேன். "அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை போகாதுடே" அவ்வளவுதான் பதில். கடைசியில தொட்டித் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் சோதனையில ஒரே நிறம் காட்டின பிறகுதான் மீன் விட்டோம். ஒண்ணு கூடச் சாகலை. புது டைகர் பார்ப் ஆறும் முதல் நாளே பாறை இடுக்குல பூந்து விளையாடுச்சு.

இந்தப் பாறைக்குச் சொந்தக்காரங்க

குற்றாலப் பாறை செஞ்சாச்சு, ஆனா டைகர் பார்ப் சுமத்ரா பக்கத்து மீன். அப்ப நம்ம ஆத்து மீன் யாரு? சித்தாறு குற்றால மலையில பிறந்து சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேருது. அந்தத் தாமிரபரணி பேரையே வெச்ச ஒரு மீன் இருக்குங்க. வெள்ளி உடம்பு, பக்கவாட்டுல கறுப்புத் திட்டுகள், ஆண் மீனோட முதுகுத் துடுப்புல நூல் நூலா நீண்ட இழைகள். 1954-ல இதை விவரிச்சவர் இ.ஜி. சைலஸ், பின்னால கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட இயக்குநரா இருந்தவர். 2012-ல ரோஹன் பெத்தியகொட தலைமையில இலங்கை ஆய்வாளர்கள் இதோட கூட்டத்துக்கே புதுப் பேரினம் உருவாக்கி, ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவிச்சு டாக்கின்சியான்னு பேர் வெச்சாங்க. ஆக நம்ம மீனோட முழுப் பேர் டாக்கின்சியா தாமிரபரணியை. உலகத்துல தாமிரபரணிப் படுகையை விட்டா வேற எங்கயும் இயற்கையா கிடையாது. அழியும் ஆபத்துல இருக்கிற இனம்னு உலகப் பட்டியல்ல சேர்ந்தாச்சு.

மலைக்கு அந்தப் பக்கம் 'மிஸ் கேரளா'ன்னு ஒண்ணு இருக்கு. 1865-ல ஃபிரான்சிஸ் டே விவரிச்சு, அப்போ சென்னை கவர்னரா இருந்த டெனிசன் பேரை வெச்ச மீன். அழகுக்காகக் காட்டு ஓடைகள்ல இருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செஞ்சாங்க. அதுவும் இப்ப அதே பட்டியல்ல.

தாத்தாகிட்ட தாமிரபரணி மீன் படத்தைக் காட்டி, இதைப் பிடிச்சுட்டு வந்து நம்ம பாறைக்கு முன்னாடி விட்டா எப்படி இருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அது பாட்டுக்கு அங்க கிடக்கட்டும்டே. அதுக்கு அங்க நெசப் பாறை இருக்கு, நம்ம பாறை எதுக்கு?"ன்னார்.

தொட்டிக்குள்ள பின்னணி போலியா இருந்தா மாத்திக்கலாம். அட்டையை உரிச்சா போச்சு. ஆத்துல பாறையும் மணலும் நிழல் தர்ற மரமும் போனா அந்த மீனுக்குப் போக வேற இடம் இல்லை. வாரிங்டன் லண்டன்ல சிலேட்டுக் கல்லால செய்ய முயற்சி செஞ்சதும், நானும் தாத்தாவும் தெர்மாகோல்ல செஞ்சதும், அந்த நிஜக் கரையோட ஒரு நகல்தான். நகலை ஒழுங்கா செய்யவே நாலு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிஜத்தைக் கெடுத்துட்டா எத்தனை வாரம் காத்திருக்கிறது?

தாத்தா 2022-ல போயிட்டார். போன வாரம் தொட்டியைக் கழுவும்போது, பாசியைத் தேய்க்கத் தேய்க்க அவர் விரலால இழுத்த வரிகள் தெரிஞ்சது. நாலு விரல் தடம், ஓரத்துல கட்டை விரல். அந்த இடத்தை மட்டும் பிரஷ் போடாம கையால துடைச்சேன். தண்ணி நிரப்பி மீனைத் திரும்ப விட்டதும் எல்லாம் நேரா அந்த வரிக்குப் பக்கத்துலதான் போய் நின்னுச்சு. அங்கதான் நிழல் அதிகம்.

உங்க வீட்டுல தொட்டி இருந்தா பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க? பவளப்பாறையா, செடியா, இல்லை பிளக் பாயிண்ட்டா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. சிமெண்ட் பூசப் போறவங்க மட்டும், வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசுங்க.

அடுத்த ஆணி கூப்பிடுது. வர்ட்டா!